அடைப்புக்குறிக்குள் நான்கு கட்டங்கள்

காப்பியடித்த பிள்ளையைச் சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது. சரியான விடை எல்லோருக்கும் பொது. தப்பான விடைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று ஒருத்தி எழுதினால் அது அவசரம். பக்கத்தில் இருப்பவளும் அதே வரியில் அதே ஐம்பத்துநான்கை எழுதியிருந்தால் இரண்டு பேரையும் எழுப்பி நிற்க வைக்கலாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வேறு திறமை இருக்கிறதோ இல்லையோ, இந்த வித்தை எனக்கு நன்றாக வரும். அதை என் நண்பர் மீதே காட்ட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நண்பர் பொன்மலைக்காரர். ரயில்வே பணிமனையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் செல்லோ வாசிப்பார். செல்லோ வயலினுக்குப் பெரிய அண்ணன். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லை இழுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போன வாத்தியம் அவரிடம் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனபோதுதான் அதை முதன்முதலாக நேரில் கேட்டேன். சின்ன வயதில் நாலைந்து வருடம் வயலின் கற்றுக்கொண்டு விட்டவள் நான். அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் விட்டது தப்பு என்று தோன்றியது. நிகழ்ச்சி முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"சார், இதுக்குன்னு தனியா எழுதின பெரிய பாட்டெல்லாம் இருக்கா?"

"இருக்கு மேடம். நூறு வருஷம், நூத்தம்பது வருஷம் முன்னாடி எழுதினதே ஏகப்பட்டது இருக்கு. ஆனா உலகம் பூரா வாசிக்கிறது அஞ்சாறுதான். மிச்சமெல்லாம் லைப்ரரில தூங்குது."

அந்தப் பதிலில்தான் நான் விழுந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் பெயர் சொல்லும்படி ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ஆண்டுவிழாவில் மேடை ஏறுவதும் அவர்கள்தான். மீதிப் பிள்ளைகளுக்காக எனக்கு எப்போதுமே ஒரு கோபம் உண்டு. செல்லோ முன்னால் உட்கார்ந்து பேச, பின்னால் ஒரு பெரிய வாத்தியக் குழு பதில் சொல்லும் அந்த வகைப் பாட்டுக்குக் கான்செர்ட்டோ என்று பெயர். அதிலும் இப்படி ஒரு கடைசி பெஞ்சு இருக்கிறது என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் தேடல். வாரம் முழுக்க நான் கணினியில் தேடுவேன். எந்த ஊர் நூலகத்தில் எந்தக் கான்செர்ட்டோவின் நோட்டுப் பிரதி இருக்கிறது, எவரிடம் பழைய ரேடியோ ஒலிப்பதிவு கேசட்டாகக் கிடக்கிறது என்று முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவேன். மாதக்கணக்கில் பதில் வராது. வந்தால், நான் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ அனுப்பியிருப்பார்கள். சனிக்கிழமை பஸ் பிடித்துப் பொன்மலைக்குப் போவேன். அவர் மனைவி டீயும் முறுக்கும் வைப்பார். கிடைத்த தாளை அவர் ஸ்டாண்டில் வைத்து வாசிப்பார். நான் கேட்பேன். கடைசிவரைக்கும் நான் அவரை சார் என்றும், அவர் என்னை மேடம் என்றும்தான் கூப்பிட்டோம். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் பேசிய அளவுக்கு நான் வேறு யாரிடமும் பேசியதில்லை.

மேற்கத்திய நோட்டு எழுத்தை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. அது ஒரு வரைபடம். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. நான் பிரதி எடுத்துக் கொடுத்த முதல் பாட்டை அவர் வாசித்தார். நடுவில் செல்லோ பூனை மாதிரிக் கத்தியது. அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பழைய செல்லோ நோட்டுகளில் வயலின் குறி போட்டிருந்தால், எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டுமாம். எல்லாப் புதியவர்களும் விழும் குழி அது என்றார். அன்று எனக்கு வெட்கமாகவே இல்லை.

என் கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. முசிறிப் பக்கத்திலிருந்து தார் வரும், இவர் விற்றுக் கொடுப்பார். என் தேடலைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கேள்வி, "இன்னைக்கு எந்த வெள்ளைக்காரன் கெடைச்சான்?" என்பதுதான். கேலிதான். ஆனால் சனிக்கிழமைச் சமையலை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் வருடத்தில் ஒருவர் எங்களிடம் சிக்கினார். பெயர் வேண்டாம், சொன்னாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் குழுவோடு குழுவாக செல்லோ வாசித்து, ஒரே ஒரு கான்செர்ட்டோ எழுதிவிட்டுச் செத்துப் போனவர். அதை யாரும் ஒலிப்பதிவு செய்ததில்லை. முழு ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியமும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட பிரதி, தொலைந்து போயிருந்தது. ஒவ்வொரு வாத்தியக்காரரும் தன் முன்னால் வைத்து வாசித்த தனித்தனித் தாள்கள் மட்டும் ஒரு நூலகத்தில் இருந்தன. அவற்றைப் படமெடுத்து அனுப்பினார்கள். கலைந்து கிடக்கும் பதில்தாள்களை அடுக்குவது போல நான் மூன்று வருடம் உட்கார்ந்து அவற்றை ஒரே ஸ்கோராகச் சேர்த்தேன். பென்சிலால், கோடு போட்ட பெரிய தாளில். பள்ளிவிட்டு வந்து எழுதினால் வாரத்துக்கு இரண்டு பக்கம், பரீட்சைக் காலத்தில் அரைப் பக்கம். நான் எழுதுவது, அவர் கணினியில் ஏற்றுவது. அதுதான் எங்கள் ஏற்பாடு.

இரண்டாம் பகுதி மெதுவானது. அதன் நடுவில் வாத்தியக் குழு முழுவதும் நின்றுவிடும். செல்லோ மட்டும் தனியாக நான்கு கட்டம் பேசும். இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தைத்தான் கட்டம் என்கிறேன். சரியாக அந்த இடத்தில் செல்லோ தாளின் மூலை கிழிந்திருந்தது. மற்ற வாத்தியங்களின் தாளைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. அவற்றிலெல்லாம் 'நான்கு கட்டம் சும்மா இரு' என்பதற்கான குறி மட்டும்தான்.

"நீங்களே எழுதுங்க மேடம்," என்றார் அவர். "இவ்ளோ நாள் அவரோடயே இருந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

பதினோரு தடவை எழுதினேன். மாதிரித் தேர்வு நோட்டு ஒன்றின் பின்பக்கங்களில் எழுதி எழுதி அடித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். பதினோராவதை வாசித்து முடித்து வில்லை ஸ்டாண்டில் வைத்தார். பிறகு, "இது அவரேதான் மேடம்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் நானாக எழுதிய இசை அந்தப் பதினைந்து விநாடிதான்.

அடைப்புக்குறி போடச் சொன்னதும் அவர்தான். இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். "எங்க செக்‌ஷன்ல ஒரு கறார் உண்டு மேடம். அளந்ததை முழுக்கோட்டுல போடுவோம். ஊகிச்சதைப் புள்ளிக்கோட்டுலதான் போடணும். நாளைக்கு இன்னொருத்தன் அதை நம்பி இரும்பை வெட்டுவான் பாருங்க." அதனால் நான்கு கட்டத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, கீழே 'இது மூலத்தில் இல்லை, எங்கள் ஊகம்' என்று எழுதினேன். முதல் பக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதினோம். என் பெயரை முதலில் போட வேண்டும் என்று அவர் சண்டையே போட்டார். பென்சில் தாள்கள் அத்தனையையும் கயிறு போட்டுக் கட்டி, கணினியில் ஏற்றி முடிப்பதற்காக அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு பக்கத்தைக்கூட நான் படம் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை இருக்கும் இடத்தில் நகல் எடுப்பது அசிங்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் குறைந்தன. சர்ச்சில் வேலை, முதுகு வலி, உறவுக்காரர் வருகிறார்கள். "ஏத்திக்கிட்டே இருக்கேன் மேடம்," என்பார். முதுகு வலிக்கு நான் தைலம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஆசிரியர் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு தகவல் வந்தது. எங்கள் ஜெர்மன்காரரின் பெயர் எங்கே வந்தாலும் எனக்குச் சொல்லும்படி வைத்திருந்தேன். அவருடைய கான்செர்ட்டோ முதன்முறையாக ஒலிப்பதிவாகி வெளிவந்திருக்கிறது என்றிருந்தது. வெளிநாட்டில் ஒரு பெண் வாசித்திருக்கிறார். கையைக்கூடக் கழுவாமல் நண்பரைக் கூப்பிட்டேன்.

"சார், வந்துடுச்சு! யாரோ நம்மள முந்திட்டாங்க!"

"அப்படியா மேடம்?" என்றார். "நல்லதுதானே."

"வருத்தப்படாதீங்க சார். யார் செஞ்சா என்ன, மனுஷன் வெளிய வந்துட்டாரே."

"ஆமா மேடம். அதான் முக்கியம்."

நான் அவரைத் தேற்றினேன். இன்றைக்கும் என்னை எரிக்கிறது அதுதான்.

எனக்கு அன்று பொறாமை இல்லை. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அவர்கள் முழுதாக வாசித்திருக்கிறார்கள் என்றால், கிழியாத பிரதி ஒன்று எங்கோ கிடைத்திருக்க வேண்டும். அந்த நான்கு கட்டத்தில் அந்த மனுஷர் உண்மையில் என்னதான் எழுதியிருந்தார் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். பதினோரு தடவை முட்டி மோதிய கணக்குக்குச் சரியான விடை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு நேராக இரண்டாம் பகுதியை வைத்தேன். வாத்தியக் குழு ஒவ்வொன்றாக அடங்கியது. செல்லோ தனியாகப் பேசத் தொடங்கியது.

அது நான் எழுதியது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வயலின் வகுப்பில் ஜண்டை வரிசை வாசிப்போம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டிரண்டு தடவை: ஸஸ, நிநி, தத, பப என்று இறங்கி வர வேண்டும். நான் மட்டும் ரிஷபத்தில் ஒன்று கூடுதலாக இழுத்துவிடுவேன். ரிரிரி. "ரிக்கு மட்டும் என்னம்மா தனி மரியாதை?" என்று வாத்தியார் வில்லால் முட்டியில் தட்டுவார். அந்தப் பழக்கம் போகவே இல்லை. அதனால்தான் வயலினையே விட்டேன். ஒரு ஜெர்மன்காரரின் பெருமூச்சு என்று நினைத்து நான் எழுதிய நான்கு கட்டம், நிதானமாக இறங்கும் அதே ஜண்டை வரிசைதான் என்பது இன்னொருவர் வாசித்தபோதுதான் எனக்குக் காதில் விழுந்தது. கீழே வந்ததும், உலகத்தரமான ஒரு கலைஞர், உலகத்தரமான ஒரு அரங்கத்தில், ரிஷபத்தை அழகாக மூன்று தடவை இழுத்தார்.

தப்பான விடை ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று சொன்னேன் அல்லவா?

இசைத்தட்டோடு வந்த குறிப்பைத் தேடிப் படித்தேன். தொலைந்த ஸ்கோரை மீட்டவர் என்று ஒரே பெயர் இருந்தது. இந்தியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், தனியொருவராக, பல வருட உழைப்பில். அடைப்புக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பதிலாக யாரோ ஒரு பண்டிதர் அந்த நான்கு கட்டத்தைத்தான் வியந்திருந்தார். இசையமைப்பாளர் இளமையில் ஹங்கேரிப் பக்கம் சுற்றியிருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளமாம். பாவம், ஊரைவிட்டே நகராத மனுஷரை என் ஜண்டை வரிசை ஹங்கேரிவரை அனுப்பி வைத்துவிட்டது. சிரிப்பு வந்தது.

அடுத்த சனிக்கிழமை பொன்மலைக்குப் போனேன். சொல்லாமல் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, "வாங்க," என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே போனார். டீயைக் கொண்டுவந்து வைத்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"புள்ளிக்கோடு எங்க சார்?" என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கிறவங்களுக்குப் புள்ளிக்கோடு கேக்காது மேடம்," என்றார்.

"என் பேரு?"

"உங்க பேரைப் போட்டா, நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. அந்த நாலு கட்டத்தைச் சொல்ல வேண்டி வரும். ஓட்டை விழுந்த பாட்டுன்னு தெரிஞ்சா எந்தப் பெரிய ஆளும் கையால தொட மாட்டாங்க. இப்ப பாருங்க, உலகமே கேக்குது. இதுக்குத்தானே நாம பாடுபட்டோம்?"

"நாம" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் போன் பண்ணப்ப ஒன்னும் தெரியாத மாதிரி 'அப்படியா'ன்னு கேட்டீங்களே சார்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்த வருடம் ஜெர்மனியில், அந்த மனுஷரின் சொந்த ஊரிலேயே, கச்சேரி வைக்கிறார்கள் என்றும், தன்னை அழைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். வாழ்நாளில் இதுவரை விமானம் ஏறியதில்லையாம். "அவங்களுக்கு எழுதிடாதீங்க மேடம்," என்றார். என் பென்சில் தாள்களைக் கேட்டேன். "இருக்கு. தேடணும்," என்றார். நூல் பிடித்தாற்போல ஒவ்வொரு காகிதத்தையும் அதனதன் இடத்தில் வைக்கிற மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். வாழைத்தார் கணக்காகத்தான் அவர் பார்த்தார். "முசிறிக்காரன் வெளைய வச்ச காய், எங்க மண்டி பேர்லதான் கேரளாவுக்குப் போகுது. அவன் வந்து சண்டை போடுறானா?"

"அவனுக்குத் தெரிஞ்சுதானே போகுது?" என்றேன்.

அவர் யோசித்தார். "அது சரிதான்," என்றார். "அப்ப எழுது."

இரண்டு வாரம் எழுதவில்லை. என் பெயருக்காக எழுதுகிறேனா, உண்மைக்காக எழுதுகிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இரண்டுக்காகவும்தான் என்று இப்போது சொல்கிறேன். செத்துப்போனவர் எழுதாததை அவர் தலையில் கட்டுவது, ஒரு பிள்ளையின் தாளில் இன்னொருத்தி விடை எழுதுவதற்குச் சமம். மார்க் கூடுதலாக வந்தாலும் அது தப்பு. கடைசியில் அந்த செல்லோ கலைஞருக்கே எழுதினேன். ஸ்கோரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கினோம், நான்கு கட்டம் முழுக்க என் ஊகம் என்று சொல்லி, மாதிரித் தேர்வு நோட்டின் பின்பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். என்னிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான, சுத்தமான பதில். நூலகத் தாளில் அந்த இடம் கிழிந்திருக்கவில்லையா என்று தான் முதலிலேயே விசாரித்ததாகவும், இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக என் நண்பர் எழுத்தில் சொன்னதாகவும், இப்போது மறுபடி கேட்டதில் நான்கு கட்டமும் என்னுடையவைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். மற்றபடி ஸ்கோர் முழுவதும் தன் தனி உழைப்பு என்பதில் என் நண்பர் உறுதியாக இருக்கிறாராம். கணினிக் கோப்புகளும் பென்சில் மூலமும் அவரிடமே இருப்பதால் தன்னால் வேறெதுவும் செய்ய இயலவில்லை என்றார் அந்தப் பெண். ஆகவே புதிய பதிப்பில் அந்த நான்கு கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம், கச்சேரியிலும் வாசிக்கப் போவதில்லை, பதிப்பாசிரியர் பெயரில் மாற்றமில்லை, நேர்மையாகச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

மூன்று தடவை படித்தேன். ஆயிரக்கணக்கான கட்டங்களில் என்னுடையவை என்று நிரூபிக்க முடிந்த நான்கை நானே காட்டிக்கொடுத்து, நானே அழித்துவிட்டேன். மீதி முழுவதையும் அவரிடம் விட்டுவிட்டேன். அவரை எனக்குத் தெரியும் என்று பத்து வருடம் நினைத்திருந்தேன். என்னை அவருக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் உண்மையைச் சொல்லாமல் இருக்க மாட்டேன் என்பதும், சொன்னால் அந்த நான்கு கட்டம் மட்டும்தான் போகும் என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நமக்கு மதியம். கணினியில் நேரலையாகக் காட்டினார்கள். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். கணவர் பக்கத்தில் ஈர வேட்டியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். தொடங்குமுன் முன்வரிசையில் ஒருவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கோட்டு போட்டிருந்தார். அளவு கொஞ்சம் பெரிது. கூச்சத்தோடு கும்பிட்டார், அரங்கம் கைதட்டியது. இந்த மனிதருக்கு நான் தைலம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

முதல் பகுதி போயிற்று. ஒவ்வொரு பக்கமும் எனக்கு மனப்பாடம். இந்தத் திருப்பம் காலாண்டுத் தேர்வு வாரத்தில் எழுதியது, இந்தக் குழல் வரும் இடத்தில்தான் பென்சில் முனை உடைந்தது. இரண்டாம் பகுதியில் வாத்தியக் குழு அடங்கியது. செல்லோக்காரப் பெண் வில்லைத் தந்தியிலிருந்து தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தார். யாரும் அசையவில்லை. நான் விரலால் மேசையில் எண்ணத் தொடங்கினேன்.

"என்ன, நெட் போயிடுச்சா?" என்று கேட்டார் கணவர்.

"இல்லைங்க," என்றேன். "இது நான் எழுதின இடம்."

அவர் வேட்டியை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கணினியைப் பார்த்தார். மூன்றாம் கட்டம் போயிற்று. நான்காம் கட்டத்தின் கடைசியில், ரிஷபம் வர வேண்டிய இடத்தில், என் விரல் மேசையில் மூன்று தடவை தட்டியது. பிறகு எல்லா வாத்தியமும் ஒன்றாக எழுந்தன.